எல்லாம் பஞ்சுதான்

பேபி என்பது செல்லப்பெயர் இல்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலேயே அப்படித்தான் பதிந்திருக்கிறது. ஊரில் அதனால் ஒரு தொல்லையும் வந்ததில்லை. தெருவுக்கு இரண்டு பேபி இருந்தார்கள். ரொறன்ரோவுக்கு வந்த பிறகுதான் அந்தப் பெயர் அவளைப் படாத பாடு படுத்தியது. தங்கை இராசமணியை நெஞ்சு டொக்டரிடம் கூட்டிப்போன நாளில், கூட வந்தவர் யார் என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். "பேபி" என்று பதில் சொன்னதும், அந்தப் பிள்ளை மேசைக்கு மேலால் எட்டி, கீழே தள்ளுவண்டி ஏதும் நிற்கிறதா என்று பார்த்தாள். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு, பேபிக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள்.

இராசமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புத் தொடங்கினால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அடக்கத் தெரியாது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், உதடு நீலம் பாரித்து, தாதி ஓடிவந்து ஒக்சிசன் பூட்டும்படி ஆகிவிட்டது. தங்கை வாய்விட்டுச் சிரித்ததைப் பேபி கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

டொக்டர் உள்ளே கூப்பிட்டு, என்ன வேலை செய்தவர், எதோடு புழங்கியவர் என்று விசாரித்தார். இராசமணிக்கு இங்கிலிஷ் ஓடாது. "தலையணைக் கொம்பனியில பஞ்சு அடைக்கிற வேலை எண்டு சொல்லு அக்கா" என்றாள். பேபி டொக்டரின் பக்கம் திரும்பி, "கொற்றன்" என்றாள். பருத்தி. டொக்டர் அதை அப்படியே கணினியில் தட்டிக்கொண்டார். அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நுரையீரல் காய்ந்து இறுகிக்கொண்டு போகிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை என்றார்.

அந்தக் கொம்பனியில் பருத்தி ஒரு பிடிகூட இருந்ததில்லை. அத்தனையும் பொலியெஸ்ரர். பிளாஸ்ரிக்கை உருக்கி, தலைமயிரிலும் மெல்லிசாக இழுத்து எடுத்த நார். ஆனால் அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண்களில் ஒருத்திகூட அதைப் பொலியெஸ்ரர் என்று வாயால் சொன்னதில்லை. வெள்ளையாக இருக்கிறது, மெத்தென்று இருக்கிறது, ஊதினால் பறக்கிறது. பஞ்சு இல்லாமல் பின்னே என்ன? ஸ்காபரோவில் 'பஞ்சுக் கொம்பனி' என்றால் பாதிச் சனத்துக்கு இடம் விளங்கும். பஞ்சு அடைக்கிற பக்கம், பஞ்சு ஊதுகிற பக்கம் என்று அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஒரு தலைமுறை ஓவர்ரைம் செய்து வீடு வாங்கிவிட்டது. பஞ்சுக்கு இங்கிலிஷ் என்ன என்று பேபி மனதுக்குள் தேடினாள், பள்ளிக்கூடத்தில் படித்த சொல் வந்தது, சொன்னாள். அதில் பொய் எங்கே இருக்கிறது? பேபி தன் மனச்சாட்சிக்குச் சொல்லி வைத்திருந்த விளக்கம் இதுதான். மனச்சாட்சியும் பாவம், கொஞ்சக் காலம் அதை நம்பிக்கொண்டு கிடந்தது.

இராசமணி அந்த மாரிக் குளிரைத் தாண்டவில்லை. அடுத்த வருடமே பேபிக்கும் படி ஏற மூச்சு முட்டத் தொடங்கியது. அவளுக்கும் அதே டொக்டர், அதே கேள்வி, அதே பதில். இப்போது மகன் யசிந்தனின் வீட்டில், வரவேற்பறை மூலையில் ஒரு ஒக்சிசன் மெசின் பகலும் இரவும் இரைந்துகொண்டு நிற்கிறது. அதிலிருந்து நீளமான குழாய் ஒன்று அவளுடைய மூக்குவரை வருகிறது. குசினிக்கு எட்டும், கழிவறைக்கு எட்டும், பின்கதவைத் தாண்டிப் பலகை மேடையான டெக்கின் கடைசிப் படி வரைக்கும் எட்டும். அதற்கு அங்கால் போவதென்றால் குழாயைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்படி மூலையில் கிடக்கிற ஆள் இல்லை அவள். வந்த புதிதில் வார்த்தை தெரியாமல் கையைக் காலை ஆட்டி வேலை கேட்டவள், சில வருடங்களில் ஊதுகிற வரிசைக்குப் பொறுப்பான லீட் ஹான்ட் ஆகிவிட்டாள். ஒரு தலையணையைக் கையில் தூக்கிப் பார்த்தே நிறை சொல்லுவாள். சுப்பவைசர் அவளைக் கேட்காமல் ஆளை எடுக்க மாட்டான், நிற்பாட்டவும் மாட்டான். கனடாவுக்குப் புதிதாக வந்த எத்தனையோ பெண்களை அவள்தான் அந்த வாசலுக்குள் கூட்டிப்போனாள். கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போதுகூட யாராவது வந்து, "பேபியக்கா, என்ர மச்சாளுக்கும் ஒரு இடம் பாருங்கோவன்" என்று காதைக் கடிப்பார்கள். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது. குழந்தை பிறந்த வீடென்றால் அவள் கையால் அடைத்த தலையணை ஒன்று போகும், புதுவீடென்றால் சோடியாகப் போகும். புருசன் தியாகலிங்கத்தைப் சவப்பெட்டியில் வைத்தபோது தலைக்குக் கீழே வைத்ததும் கொம்பனித் தலையணைதான்.

இராசமணி புருசனை யுத்தத்தில் இழந்து, மகள் சாம்பவியோடு வந்து சேர்ந்தபோது, பேபி அவளையும் அதே வாசலுக்குள்தான் கூட்டிப்போனாள். ஊதுகிற வரிசையில், தன் கண்ணுக்கு முன்னால் நிற்கவிட்டாள்.

மெசினால் பஞ்சை உறைக்குள் ஊதுகிற பக்கத்தில் காற்றே வெள்ளையாக இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் கண் இமையில், காதில், மூக்குத்துவாரத்தில் எல்லாம் பஞ்சு படிந்துவிடும். இராசமணி முதல் கிழமையே கைக்குட்டை லேஞ்சி ஒன்றை மூக்கோடு வாயைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு நின்றாள். கட்டினால் மூச்சு மேலே போய் மூக்குக்கண்ணாடியில் புகாராகப் படியும். அதைத் துடைக்க அடிக்கடி கையை எடுப்பாள், வரிசை பின்தங்கும். அந்த மாதம் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. கை மெதுவான ஆளைத்தான் முதலில் அனுப்புவார்கள். பேபி தன் இடத்தை விட்டு வந்தாள். நேரே போய், "எடியே, உதென்ன கோலம்? ஒப்பறேசன் செய்யவே வந்தனி?" என்று வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னாள். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். இராசமணியும் சிரித்தாள். பேபி கையை நீட்டி லேஞ்சியின் முடிச்சைத் தானே அவிழ்த்து, மடித்து, தன் ஏப்பிரன் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டாள். "பஞ்சு ஆளைக் கொல்லுமே? வேலையைப் பார்."

அதற்குப் பிறகு இராசமணி மூக்கைக் கட்டியதே இல்லை. அக்கா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

இதுதான் பேபியின் நெஞ்சுக்குள் கிடந்த கல். நோய் பஞ்சால் வந்தது என்று ஆகிவிட்டால், லேஞ்சியை அவிழ்த்த கை யாருடைய கை என்ற கேள்வியும் கூடவே வரும். அதனால் பஞ்சால் வரவில்லை. வரக்கூடாது. டொக்டரே காரணம் தெரியாது என்று சொல்லிவிட்டார் அல்லவா?

ஆனால் சாம்பவி விடுகிற பிள்ளையாக இல்லை. மார்க்கம் நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. எதையும் மேலோட்டமாகக் கேட்டுவிட்டுப் போகிற பழக்கம் கிடையாது. தாய் செத்தது வேலையால் வந்த நோயில்தான் என்று கொம்பனியை ஒப்புக்கொள்ளச் செய்ய ஒரு லோயரைப் பிடித்து, விசாரணை வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவிடம் வந்து, சப்பாத்தைக்கூட கழற்றாமல் வாசலில் நின்றபடி கேட்டாள்.

"பெரியம்மா, கொம்பனியை வாங்கின ஆக்கள் அம்மா பருத்திப் பக்கம் நிண்டவ, பருத்தியால உந்த நோய் வராது எண்டு சொல்லுகினம். டொக்டரின்ர ஃபைலிலயும் கொற்றன் எண்டுதான் கிடக்கு. நீங்கள்தானே அண்டைக்கு மொழிபெயர்த்தனீங்கள்? நீங்கள்தானே லீட் ஹான்ட்? வந்து அது என்னெண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான் நான் கேக்கிறன்."

"வேற ஆக்கள் இல்லையோ?"

"அம்மாவோட ஊதுற வரிசையில நிண்ட றெஜினா அன்ரி செத்துப்போனா. மற்ற ஆக்கள் எங்களுக்கேன் வீண் சோலி எண்டு போனை வைச்சிட்டினம். நீங்கள் மட்டும்தான்."

"பஞ்சு ஆளைக் கொல்லுமே பிள்ளை?" என்றாள் பேபி. "நானும்தான் அங்க நிண்டனான். உயிரோடதானே இருக்கிறன்."

சாம்பவி பெரியம்மாவின் மூக்கில் செருகியிருந்த குழாயைப் பார்த்தாள். பிறகு அந்தக் குழாய் போகிற வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போய், மூலையில் இரைந்த மெசினில் கண்ணை நிறுத்தினாள். விசாரணை யூலையில் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கிழமைதான் பறவை வந்தது. பக்கத்து வீட்டு அன்ரனெற் தன் வேலியில் சீனித்தண்ணிப் போத்தல் ஒன்றைத் தூக்கிவிட்டு, ஹம்மிங் பேர்ட் வரும் வரும் என்று ஒவ்வொரு வருடமும் காத்திருக்கிறவள். வந்த பறவைக்குக் கட்டைவிரல் அளவு உடம்பு, முதுகு பச்சை. செட்டை அடிக்கிறது கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல்தான் கேட்கும். பேபிக்கு இங்கிலிஷ் பெயர் வாயில் நுழையவில்லை. தேன் குடிக்கிற சின்னக் குருவி, ஆகவே தேன்சிட்டு என்று தீர்த்துவிட்டாள்.

"பேபியக்கா, உது கூடு கட்டப் பாக்குது" என்று வேலிக்கு மேலால் அன்ரனெற் சொன்னாள். "என்ர ஜன்னல் கரையில சிலந்தி வலையை இழுத்து இழுத்துக் கொண்டு போகுது."

"சிலந்தி வலையிலயோ கூடு?"

"அது ஒட்டுறதுக்காம். உள்ளுக்கு மெத்தை போட மெல்லிசாப் பஞ்சு தேடுமாம். கம்பிக் கூட்டுக்குள்ள வைச்சுத் தூக்கிவிட்டால் வந்து எடுக்கும் எண்டு வாசிச்சனான்."

"பஞ்சோ?" பேபி சிரித்தாள். "அப்ப சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கு."

வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு கொம்பனித் தலையணை. இராசமணி கனடாவுக்கு வந்த அன்றைக்குப் பேபி அடைத்துக் கொடுத்தது. கடைசி மாதங்களில் அவள் நிமிர்ந்து சாய்ந்து மூச்சு வாங்கியதும் அதில்தான். செத்த பிறகு சாம்பவி உடுப்புகளோடு அதையும் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். பேபியால் அதில் படுக்கவும் முடியவில்லை, எறியவும் மனம் வரவில்லை. அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது. இப்போது அதை எடுத்து, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியால் தையலைப் பிரித்தாள். உள்ளே அத்தனை வருடம் போயும் பஞ்சு அப்படியே இருந்தது. நிறம் மாறவில்லை, அமுங்கவும் இல்லை. ஒரு பிடி எடுத்து விரலால் கோதிக் கோதிப் பூப்போலப் பிரித்தாள். கை வேலையை மறக்கவில்லை. தங்கச்சியின் தலையணையில் ஒரு உயிர் குடியிருக்கட்டும், அவளுக்கும் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு, சவர்க்காரம் வைக்கிற கம்பிக் கூடைக்குள் வைத்து டெக்கின் கைபிடியில் கட்டிவிட்டாள்.

பறவை அடுத்த நாளே வந்தது. கூடைக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, அலகால் ஒரு இழையைப் பிடித்து இழுத்து, கொண்டு பறந்தது. திரும்பி வந்தது. வந்துகொண்டே இருந்தது. பேபி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அவளுடைய மூச்சுக்கு அது நல்லதல்ல. இரண்டு வருடமாக அவள் கையால் செய்தது ஒன்றும் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. மருமகள் சமைக்க விட மாட்டாள், பேத்தி அட்சயா தலைபின்ன விட மாட்டாள். இந்தக் குருவிக்காவது நான் வேண்டியிருக்கிறேனே என்று அவளுக்கு அழுகை வந்தது.

கூடு மேப்பிள் மரத்தில், டெக்கின் பக்கம் தாழ்ந்து வந்த கொப்பில் அமைந்தது. பாதித் தேசிக்காய் அளவு. வெளியில் பாசி ஒட்டி, பட்டையில் ஒரு முடிச்சுப்போலத்தான் தெரியும். விளிம்பில் மட்டும் வெள்ளை இழைகள் காற்றில் ஆடும். தாய்க்குருவி தனியாகத்தான் எல்லாம் செய்தது. ஆண் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. "உங்கட இனத்திலயும் உப்பிடித்தானோ?" என்று பேபி அதோடு கதை கொடுப்பாள். காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போக, பேத்தி பள்ளிக்கூடம் போக, குழாயை இழுத்துக்கொண்டு கடைசிப் படியில் கதிரை போட்டு இருந்துவிடுவாள்.

குஞ்சு பொரித்த செய்தி கேட்டு அன்ரனெற் வேலி சுற்றி வந்து, டெக்கில் நின்று எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"பேபியக்கா, நீங்கள் என்ன பஞ்சு வைச்சனீங்கள்?"

"கொம்பனிப் பஞ்சு."

"அது நைலோன் மாதிரியான சாமான் எல்லே? பருத்தி, எருக்கலம் பஞ்சு எண்டால் இழுக்க அறும், நனைய உக்கிப்போகும். உது அறாது. உதுகளின்ர கால் என்ன, நூல் மாதிரி…"

"பஞ்சு பஞ்சுதான் அன்ரனெற்." பேபிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எல்லாம் பஞ்சுதான். முப்பது வருசம் அதுக்குள்ள நிண்டனான். நீங்கள் எனக்குப் பஞ்சு படிப்பிக்கிறியளோ?"

நல்லதைச் சொல்ல வந்தவளுக்கு அதுதான் கிடைத்த மரியாதை. அன்ரனெற் வந்த வழியே போய்விட்டாள். பேபி கம்பிக் கூடையைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்குத் தெரியாதா? பொதிகள் லொறியில் வந்து இறங்கும்போது ஒவ்வொன்றின் வயிற்றிலும் பெரிய எழுத்தில் பொலியெஸ்ரர் என்று அடித்திருக்கும். அந்த எழுத்து வெளியில் தெரிகிற மாதிரி அடுக்குங்கோ என்று ஆட்களை ஏவியதே அவள்தான். எழுந்து போய் ஏதாவது செய்ய இன்னும் நேரம் இருந்தது. மகனைக் கூப்பிட்டு ஏணி வைத்து இழைகளை வெட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் பஞ்சு கெடுதி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அவ்வளவு சின்ன விசயத்துக்குக்கூட அந்தப் பயம் அவளை அசையவிடவில்லை.

யூன் கடைசியில் சாம்பவி போன் எடுத்தாள். "பெரியம்மா, முடிவாச் சொல்லுங்கோ. வாறியளோ இல்லையோ?"

"எனக்கு உந்த மெசினோட வெளிக்கிட ஏலாது பிள்ளை."

"கொண்டுபோற சின்ன மெசின் நான் ஒழுங்கு பண்ணுறன்."

"எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை. வயசு போட்டுது."

சாம்பவி, "ஓகே பெரியம்மா" என்றாள். சண்டை போட்டிருந்தால் பேபி பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அந்த ஓகேக்குப் பிறகு, வைத்த போனைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

குஞ்சுகள் வளர்ந்தன. இரண்டும் கூட்டுக்குள் அடங்காமல் விளிம்பில் ஏறி நின்று செட்டையை அடித்துப் பழகின. யூலைத் தொடக்கத்தில் ஒரு காலை, பேபி தேத்தண்ணியோடு வந்து பார்த்தபோது, ஒன்று பக்கத்துக் கொப்பில் இருந்தது. பறந்துவிட்டது! பேபி கையைத் தட்டினாள். பிறகு மற்றதைத் தேடினாள்.

அது கூட்டுக்குக் கீழே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பறக்க எழும்பியிருக்கிறது, கால் விடவில்லை. கூட்டிலிருந்து ஒரு வெள்ளை இழை நீண்டு வந்து, அதன் காலைச் சுற்றி இறுகியிருந்தது. குஞ்சு செட்டை அடித்தது, சுழன்றது, களைத்துப்போய்த் தொங்கியது. மறுபடியும் அடித்தது. இழை அறவில்லை. நல்ல சாமான் அல்லவா, அறாது. அப்போது தாய் வந்தது. வந்து, தலைகீழாகத் தொங்குகிற குஞ்சுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, அதன் வாய்க்குள் அலகை விட்டு உணவு கொடுத்தது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். கொடுத்துவிட்டு அடுத்த இரைக்குப் பறந்தது.

பேபி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டாள். பேத்திகூடக் கோடை முகாமுக்குப் போய்விட்டாள், வீட்டில் ஒருவரும் இல்லை. "அன்ரனெற்! அன்ரனெற்!" என்று கத்தினாள், அந்தக் குரல் வேலிவரைக்கும் போகவில்லை. உள்ளே போய் நூல் கத்தரியை எடுத்தாள். வந்து கடைசிப் படியில் நின்றாள். காதில் கொளுவியிருந்த குழாய் இழுத்துப் பிடித்தது. அதைக் கழற்றிப் படியில் போட்டாள். பிளாஸ்ரிக் கதிரையைப் புல்லில் இழுத்துக்கொண்டு போனாள். நாலு எட்டுக்குள் கண் இருட்டியது. கதிரையில் ஏறி நின்று, மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டினாள். காற்றை உள்ளே இழுக்க இழுக்க அது தொண்டையோடு நின்றது. இராசமணிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். இதை அவள் இரண்டு வருடத்தில் ஒரு தரமும் நினைத்துப் பார்த்ததில்லை, நினைக்க விட்டதில்லை.

இழையை வெட்டினாள். குஞ்சு உள்ளங்கையில் விழுந்தது. நிறையே இல்லை. ஒரு தலையணையின் நிறையைக் கையால் சொல்லுகிறவளுக்கு இதன் நிறை பிடிபடவில்லை. எப்படி இறங்கினாள், எப்படிப் படிக்கு வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. குழாயை மூக்கில் செருகிக்கொண்டு, குஞ்சை மடியில் வைத்துப் பார்த்தாள். இழை காலை அறுத்து எலும்புவரைக்கும் போயிருந்தது. பாதம் கறுத்துக் காய்ந்திருந்தது. இன்று நேற்று நடந்ததில்லை இது. பிறந்ததிலிருந்து சுற்றிச் சுற்றி, கால் வளர வளர இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. அவள் கதிரை போட்டுப் பார்த்துச் சந்தோசப்பட்ட நாளெல்லாம் அது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அவள் கத்தரி நுனியால் இழையை எடுக்கப் பார்த்தாள். குஞ்சு வாயை இரண்டு தரம் திறந்தது. சத்தம் வரவில்லை. அவ்வளவுதான், அடங்கிவிட்டது.

பேபி அந்த இழையை இரண்டு கையிலும் பிடித்து இழுத்தாள். விரல் சிவக்க இழுத்தாள். அறவில்லை. "ஐயோ இராசமணி" என்றாள். "ஐயோ என்ர பிள்ளை." எந்தப் பிள்ளையைச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு வீட்டு உடுப்பின் பொக்கற்றிலிருந்து போனை எடுத்தாள்.

"பெரியம்மா? என்ன, மூச்சு ஏலாமல் கிடக்கோ? நைன் வன் வன் அடிக்கவோ?"

"அது பஞ்சு இல்லைப் பிள்ளை."

"என்ன?"

"கொம்பனியில… அது பஞ்சு இல்லை. பொலியெஸ்ரர். ஒரு நாளும் பருத்தி வந்ததில்லை. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கொற்றன் எண்டு சொன்னனான்." நின்று மூச்சு வாங்கினாள். "இன்னொண்டும் இருக்கு. கொம்மா லேஞ்சி கட்டிக்கொண்டுதான் வேலை செய்தவள். நான்தான் கழட்டினனான். எல்லாருக்கும் முன்னால, பகிடி பண்ணி, என்ர கையால கழட்டினனான்."

மறுபக்கத்தில், சாம்பவியின் அலுவலகத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது தூரத்தில் கேட்டது.

"தெரியும்" என்றாள் சாம்பவி.

"என்ன தெரியும்?"

"அம்மா ஹொஸ்பிட்டல்ல வைச்சுச் சொன்னவ. அக்கா அண்டைக்குக் கழட்டினபடியால்தான் என்னை வேலையால நிப்பாட்டேல்லை, அதாலதான் நீ யூனிவேர்சிற்றி போனனி, அக்காவிட்ட இதைப்பற்றி வாய் திறக்கக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினவ."

தங்கச்சிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான், தெரியாத மாதிரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு செத்திருக்கிறாள்.

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தனான்" என்றாள் சாம்பவி. "ரெண்டு வருசமாப் பாத்தனான்."

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

"அம்மா மன்னிச்சிட்டா. என்னால ஏலாது பெரியம்மா." அவள் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் பேபிக்குத் தாங்கச் சுலபமாக இருந்திருக்கும். "செவ்வாய்க்கிழமை விசாரணை. நான் வந்து ஏத்துறன். ரெண்டையும் சொல்லுங்கோ. பஞ்சு எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"இல்லை. சொல்ல மாட்டன்."

போன் நின்றது. தாய்க்குருவி இரையோடு திரும்பி வந்தது. குஞ்சு தொங்கிய இடத்தில், ஒன்றும் இல்லாத காற்றுக்கு முன்னால் நின்றது. கூட்டுக்கு மேலே போய்ப் பார்த்தது, கீழே வந்து பார்த்தது, மறுபடியும் அதே இடத்தில் நின்றது. பேபி குஞ்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை பஞ்சுக்குப் பதிலாகச் சொல்ல வேண்டிய சொல்லை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். நீளமான சொல். பாதியில் மூச்சு முறிந்தது. கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.